மூணாம் கியரும் நாற்பது நாள் பொறுமையும்

1947 பிப்ரவரி 17, திங்கள்

இன்றும் மூணாம் கியர் விழுந்தது. எளம்பலூர் மேட்டில் பாதி ஏறியிருப்பேன், 'டொக்'. கியர் பிடி தானாகத் துள்ளி நடுவில் வந்து நின்றுகொண்டது. எஞ்சின் மட்டும் ஊரைக் கூட்டி அலறுகிறது, சக்கரத்துக்கு ஒரு சேதியும் போகவில்லை. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் என்னை முந்திக்கொண்டு போனான். போகிறவன் வாயை மூடிக்கொண்டு போகக் கூடாதா? "உபதேசியாரே, கயிறு கட்டி இழுக்கட்டுமா?" என்கிறான்.

பிரான்சு தேசத்துச் சாமியார் தன் ஊருக்குத் திரும்பும்போது இந்தப் பழைய மோட்டார் சைக்கிளைப் பெரம்பலூர் கோயிலுக்கு விட்டுப் போனார். புதுப் பங்குச் சாமியார் இராயப்பருக்கு இரண்டு சக்கரம் என்றாலே தலை சுற்றும். ஆகவே சுற்றுக் கிராமங்களுக்குப் போய் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராகிய என் கைக்கு வந்தது. நடந்து நடந்து தேய்ந்த கால் எனக்கு. வண்டி வந்த அன்று அதன் பெட்ரோல் டாங்கியில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டேன். பெருமை பாவம்தான். தெரியும். ஆனால் டாங்கி அவ்வளவு பளபளப்பு.

பிப்ரவரி 19, விபூதிப் புதன்

தபசு காலம் தொடங்கிற்று. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட கையோடு நேர்ந்துகொண்டேன். நாற்பது நாளும், ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு திருநாள் வரைக்கும் கோபப்படுவதில்லை. கெட்ட வார்த்தை ஒன்றும் வாயில் வராது.

வீட்டில் சொன்னேன். மரிய புஷ்பம் உலையில் அரிசி போட்டுக்கொண்டே, "கறியும் மீனும் வேணாம்னு நேந்துக்கிட்டிருக்கலாம்ல? சுலபமா முடிஞ்சிருக்கும்" என்றாள். கட்டிய மனைவிக்கே நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 20

பல் விளக்குவதற்குள் கோபம் வந்துவிட்டது. கியர்.

பிப்ரவரி 22, சனி

ஒரு வழி கண்டுபிடித்தேன். கியர் விழும்போது வாய் எதையாவது கத்தத்தான் செய்யும். அதை அடக்கினால் மார் வெடித்துவிடும். ஆகவே காய்கறிப் பேராகக் கத்துவது என்று வைத்துக்கொண்டேன். இன்று துறைமங்கலம் போய் வருவதற்குள் கத்தரிக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய் எல்லாம் ஆயிற்று. வண்டியைச் சந்தைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும்போது காய்கறிக்காரி சின்னம்மாள் மறித்துக்கொண்டாள். "ஏங்க, நம்ம யாவாரத்துல ஏன் கைவைக்கிறீங்க? என்ன வெலைக்கு விக்கிறீங்க?"

பாவம் இல்லாத வார்த்தைதான். ஆனால் நான் 'பீர்க்கங்காய்' என்று சொன்ன மாதிரியை வானத்துச் சம்மனசுகள் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருக்கும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கரியை எரித்து ஓடுகிற கரிகாஸ் பஸ் டிரைவர் அய்யாக்கண்ணு சொன்ன யோசனை: "கியர் புடியை முழங்காலால அமுக்கிப் புடிச்சுக்குங்க. எம்மாம் நேரம் துள்ளும்?" பிடி டாங்கிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, முழங்காலுக்கு எட்டும். அமுக்கினேன். விழவில்லை! ஆனால் ரஞ்சன்குடி போய்ச் சேருமுன் முழங்கால் மாங்கொட்டை மாதிரி வீங்கிவிட்டது. சாயந்திர ஜெபத்தில் முட்டிபோட முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கண்ணீர் விட்டேன். சனங்கள் உருகிப் போனார்கள். "இந்த வருசம் உபதேசியாருக்குப் பாவத்த நெனச்சு என்னா மனஸ்தாபம் பாருங்க!"

மறுத்துச் சொல்லவில்லை.

மார்ச் 1, சனி

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

முழங்காலுக்குப் பதில் கயிறு. அதுவும் அய்யாக்கண்ணு யோசனைதான். கன்றுக்குட்டி கட்டும் தும்பை வாங்கி, மூணாம் கியர் போட்டதும் ஓடுகிற வண்டியிலேயே பிடியை இழுத்துக் கட்டினேன். ஆகா! மேடு என்ன, பள்ளம் என்ன, பூ மாதிரி போகிறது. ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணில் பட்டதும்தான் புத்தி வந்தது. நிறுத்தினால் மறுபடி கிளம்புவதற்கு முதல் கியர் வேண்டுமே. முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிறேன், ஓட்டத்தில் இறுகிப்போய் நகம்தான் பிய்ந்தது. நின்றேனோ, வீடு வரைக்கும் தள்ளவேண்டியதுதான். சாமியார் அனுப்பிய சேதியைச் சொல்லாமல் திரும்பினாலோ அவர் கேட்பார்.

ஊர் நடுவில் ஒரு வேப்பமரம். அதைச் சுற்ற ஆரம்பித்தேன். நம் சனம் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். ஒரு சுற்றில், "சாமியார்!" என்று கத்தினேன். அடுத்த சுற்றில், "வெள்ளிக்கிழமை!" அதற்கடுத்ததில், "சிலுவைப்பாதைக்கு வராரு!" அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு ஆள், "யாரு வராரு?" என்கிறான். மறுபடி முதலிலிருந்து. ஒரு ஆடு என்னோடு கூடவே ஓடிற்று. பொடிசுகள் கைதட்டின.

மரத்தில் மஞ்சள் துணி சுற்றியிருந்ததை நான் பார்க்கவே இல்லை. குடத்தோடு நின்ற பச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லாச் சுத்துங்க உபதேசியாரே! ஆத்தா ஒங்களுக்கு ஒரு கொறையும் வெக்கமாட்டா!" என்றாள்.

வெண்டைக்காய்! புடலங்காய்! நிற்காமல் பெரம்பலூர் வந்து, கோயில் பின்னாலிருந்த வைக்கோல் போரில் விட்டு நிறுத்தினேன். மூக்கு வரைக்கும் வைக்கோல்.

மார்ச் 3, திங்கள்

எனக்கு முன்னால் சேதி வந்துவிட்டது. சாமியார் கூப்பிட்டனுப்பினார். முகம் இறுகியிருந்தது.

"நீ வேப்பமரத்தைச் சுத்துனியா, இல்லியா?"

"சுத்துனேன் சாமி."

"எத்தனை சுத்து?"

"எண்ணலை சாமி. கயித்த அவுக்க முடியலை."

"என்ன கயிறு? காப்புக் கயிறா?"

வண்டியைக் காட்டி, தும்பைக் காட்டி, முழங்காலைக் காட்டி விளக்கினேன். சிரிப்பு வந்தது அவருக்கு, அடக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்: "கெட்ட பேரு வாங்கிக் குடுக்குற இந்த வண்டி நமக்கு எதுக்கு? வர்ற பதினேழாம் தேதி நான் புதுச்சேரிக்கு ஞான ஒடுக்கத்துக்கு, ஜெபத் தியானத்துக்குப் போறேன். குருத்தோலை ஞாயித்துக்கு மொத நாள் ரயில்ல அரியலூர் வந்து எறங்குவேன். அங்கேர்ந்து என்னை இதுல ஏத்திக்கிட்டு பெரம்பலூர் வா. ஒரு தரம் கியர் வுழுந்தாலும் வண்டி அரியலூர் உபதேசியாருக்கு. அவன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கேட்காமல் என்ன செய்வான்! அரியலூர் உபதேசியார் யார்? சவரிமுத்து. மரிய புஷ்பத்தின் அண்ணன். என் மச்சான். அவன் கையில் இந்த வண்டி போய், அவன் இதில் வந்து என் வாசலில் இறங்கி, "என்னா மாப்ளே, நடந்தா போறீங்க?" என்று கேட்கிறதை நினைத்தாலே —

சுரைக்காய், சுரைக்காய், சுரைக்காய்.

மார்ச் 8, சனி

லாரி ஷெட் மேஸ்திரி பூமாலை வந்து கியர் பெட்டியைத் திறந்தார். எனக்குத் தலைப்பிரசவத்துக்கு வெளியில் நிற்கிற மாதிரி இருந்தது. உள்ளிருந்த பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணும் மழுங்கலை. எண்ணெய்தான் கொறச்சல்" என்று ஊற்றி மூடினார்.

வாசல் தாண்டுவதற்குள் விழுந்தது. பூமாலை என்னைப் பார்த்தார், நான் பூமாலையைப் பார்த்தேன். "காத்துக் கருப்பு ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தார். ஒரு உபதேசியாரிடம் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 12, புதன்

புது நோய். கியர் மாற்றும்போதெல்லாம் கரகரவென்று அம்மியில் ஆணியை அரைக்கிற சத்தம். பெட்டியின் மூடி இடுக்கில் வெள்ளையாக நுரை. அடித் திருகாணியைக் கழற்றி எண்ணெயைச் சட்டியில் பிடித்தோம். எண்ணெயா அது! மோர்! சாட்சாத் மோர். கறிவேப்பிலை ஒன்றுதான் பாக்கி.

"தண்ணி கலந்திருக்கு" என்றார் பூமாலை. "ஆத்துல எறக்குனீங்களா?"

மருதையாறு மணல்வெளியாகக் கிடக்கிறது, மழை பெய்து மாதக்கணக்காகிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? மச்சான் வேலையாக இருக்குமோ? அரியலூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சொம்போடு வந்து... இல்லை, அவன் அவ்வளவு தூரம் நடக்கமாட்டான்.

மார்ச் 13

குற்றவாளி அகப்பட்டான். கோயில்பிள்ளை சந்தியாகு. மணியடித்து, விளக்கேற்றி, கோயிலைப் பெருக்குகிற சாதுவான மனுஷன். நான் மோர்ச் சட்டியை வைத்துக்கொண்டு புலம்புவதைப் பார்த்துத் தானாகவே வந்து சொன்னான்.

"தீர்த்தம்தாங்க ஊத்துனேன். ரெண்டு குப்பி."

"ஏன்டா?" (இந்த இடத்தில் கோபம் வந்தது. எழுதிவைக்கிறேன், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டும்.)

"வண்டி வந்தன்னிக்கு சாமியாரு மந்திரிக்கும்போது வெளியிலதான தெளிச்சாரு? நோவு உள்ளேல்ல இருக்கு. மாட்டுக்குச் சொகமில்லன்னா தீர்த்தத்த வாயில ஊத்தித்தான குடுக்குறோம்? மேலத் தெளிச்சா எந்த மாடு பொழைக்கும்?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை, வண்டி மாடாக இருந்தால்.

பழைய மோரைக் கொட்டலாம் என்று சட்டியைத் தூக்கினேன். சந்தியாகு பதறிவிட்டான். "ஐயையோ, மந்திரிச்ச தீர்த்தம்ங்க! கால் படுற எடத்துல கொட்டலாமா?" அதுவும் சரிதான். சட்டியோடு சாமியாரிடம் போனேன். அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "மனுசர் நடமாடாத எடத்துல, சுவரோரம் குழி தோண்டி ஊத்து. போ. இனிமே எங்கிட்ட கியரைப் பத்திப் பேசாதே" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

மோர் குழிக்குப் போகவில்லையாம். ஊற்றச் சொல்லி நான் கொடுத்ததை சந்தியாகு ஒரு குப்பியில் அடைத்து வைத்துக்கொண்டு இடுப்புவலிக்குத் தடவியிருக்கிறான். வலி பறந்துவிட்டதாம். பூசை முடிந்து வந்தால் என் வீட்டு வாசலில் மூன்று பொம்பளைகள் கையில் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். "கியர் தீர்த்தம் கொஞ்சம் குடுங்க."

இதே நேரம் பார்த்து சவரிமுத்து மச்சான் அரியலூர் பஸ்ஸில் வந்து இறங்கினான். தங்கையைப் பார்க்க வந்தானாம். தங்கையை ஒரு பார்வை பார்த்தான், பிறகு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குனிந்து முழம் போட்டு அளந்தான்.

"என்னா மச்சான் அளக்குறீங்க?"

"இல்ல மாப்ளே, எங்க வூட்டு வாசப்படில ஏறுமான்னு பாத்தேன். ஏறும்."

சாப்பிட்டான். குழம்பு நன்றாயிருக்கிறது என்றான். கிளம்பும்போது டாங்கியைத் தட்டிக்கொடுத்து, "வரட்டுமா கண்ணு" என்று வண்டியிடம் சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் சொல்லவில்லை.

மரிய புஷ்பத்திடம், "ஒங்க அண்ணன் மூஞ்சியப் பாத்தியா?" என்றேன். "எங்க அண்ணனைச் சொல்லாதீங்க. கியர் வுழுறதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?" என்றாள். நியாயம்தான். ஆனால் புருஷன் பக்கம் நிற்கவேண்டிய நேரத்தில் நியாயம் எதற்கு?

மார்ச் 19

சாமியார் புதுச்சேரி போய் இரண்டு நாளாயிற்று. புது எண்ணெய் ஊற்றி ஓட்டினேன். கரகர சத்தம் போய்விட்டது. மூணாம் கியர் விழுகிறது. பறங்கிக்காய்.

மார்ச் 21, வெள்ளி

இன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். போகட்டும், நடந்தே போவோம், அப்போஸ்தலர்கள் எல்லாரும் நடந்தார்கள், அவர்களுக்கு என்ன கியரா இருந்தது — இப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. எனக்கு இந்த வண்டி வேண்டும். அவ்வளவுதான்.

மரிய புஷ்பம் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டாள்: "இது மொதல்லேர்ந்தா வுழுது?"

"இல்ல. பழைய சாமியார் இருக்கும்போது வுழலை. நான் ஓட்ட ஆரம்பிச்சு ஒரு மாசமும் வுழலை."

"அப்பறம் என்னைக்கு வுழ ஆரம்பிச்சிது?"

"அது எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். சங்கிலி தொளதொளன்னு இருக்குன்னு அந்தப் பொட்டியப் பின்னாடி தள்ளி வெச்சு இறுக்குனீங்கல்ல, அதுக்கு மறு நாளு. பூசைக்குப் போட்டுக்கிட்டுப் போற என் வெள்ளை முக்காட்டுல கையைத் தொடச்சீங்க. அதை மறப்பனா? அந்தக் கறையோட பூசைக்குப் போனன்னிக்குத்தான் மொத மொதல்ல வுழுந்துச்சுன்னு வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தீங்க."

சங்கிலிக்கும் கியருக்கும் என்னடி சம்பந்தம் என்று எரிந்து விழுந்தேன். (இன்னொரு கோபம்.) ஆனால் படுத்த பிறகும் அதுவே காதில். பெட்டியைப் பின்னால் தள்ளினேன். தள்ளினேன்...

மார்ச் 22, சனி

கண்டுபிடித்துவிட்டேன்! சேசு மரி சூசை! கண்டுபிடித்துவிட்டேன்!

நிதானமாக எழுதவேண்டும். கியர் பிடி டாங்கிப் பக்கத்தில் இருக்கிறது. கியர் பெட்டி கீழே இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒரு கம்பி. பெட்டியை நான் பின்னால் தள்ளினேனா? கம்பி அதே நீளம்தானே? அப்போது பிடி மேலே மூணாம் பள்ளத்தில் போய் உட்கார்ந்தாலும், கீழே சக்கரம் முழுசாகக் கோத்துக்கொள்ளாது. பாதிதான். வாசற்கதவைத் தாழ்ப்பாள் முனையில் நிறுத்தின மாதிரி. மேடு வந்து இழுத்தால் கழன்றுகொள்கிறது. பல்லில் குற்றமில்லை, எண்ணெயில் குற்றமில்லை, காத்துக் கருப்பும் இல்லை.

சோதித்தேன். கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் கையை நேராக என் கையால் தள்ளினேன். 'களுக்'. இந்தச் சத்தத்தை இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை! கம்பியை மறுபடி வைத்துப் பார்த்தால் ஒரு விரல் அகலம் எட்டவில்லை. கம்பி நுனியில் மரை இருக்கிறது. திருகித் திருகி நீட்டினேன், எட்டிற்று, பூட்டினேன்.

எளம்பலூர் மேட்டை ஏழு தரமோ எட்டுத் தரமோ ஏறினேன். விழவில்லை. மேட்டு உச்சியில் நிறுத்தி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வண்டிக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். டாங்கி சுட்டுவிட்டது.

மரிய புஷ்பத்துக்கு சந்தையில் புது முக்காடு எடுத்தேன்.

மார்ச் 29, சனி

அரியலூர் ஸ்டேஷன். மச்சான் எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறான், வேட்டியை மடித்துக் கட்டி. எங்கேயாவது வழியில் கியர் விழுந்தால் அங்கேயே வாங்கிக்கொள்வதாகப் பின்னால் சைக்கிளில் வருகிறானாம். வரட்டுமே.

சாமியார் இறங்கினார். வண்டியைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் ஏறி உட்கார்ந்து, அங்கியைக் காலில் சுருட்டிக்கொண்டு, என் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபமாலையைத் தொடங்கினார். முதல் கியர். இரண்டு. மூணு — களுக்.

ஊர் தாண்டும்போது மச்சான் சைக்கிளில் மிதித்துக்கொண்டு வருவது தெரிந்தது. அப்புறம் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. அப்புறம் புழுதிதான். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமோ?

பேரளி வரும்போது காதருகே ஜெபமாலை நின்றுபோயிருந்தது. மயக்கம் போட்டுவிட்டாரோ என்று பயந்தேன். திரும்பிப் பார்த்தால் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். தாடி காற்றில் பறக்கிறது. "பிலவேந்திரா, இவ்வளவுதான் போகுமா? இன்னும் கொஞ்சம் வெரசாப் போகாதா?" என்றார்.

பெரம்பலூர் வரைக்கும் ஒரு தரம்கூட விழவில்லை. சர்வேசுரனுக்குத் தோத்திரம். வண்டி என்னுடையது!

மார்ச் 30, குருத்தோலை ஞாயிறு

வண்டி என்னுடையது இல்லை.

பூசை முடிந்ததும் சாமியார் வண்டியருகே வந்து டாங்கியில் கையை வைத்தார். "நாளையிலேர்ந்து நானே ஓட்டுறேன். ஒரு அரை நாள் கத்துக்குடு."

"சாமி, நீங்க... வுழலைன்னா எனக்குன்னு..."

"ஒனக்குன்னு எப்ப சொன்னேன்? வுழுந்தா சவரிமுத்துவுக்குன்னு சொன்னேன். வுழலை. அதனால அவனுக்கு இல்ல."

வாஸ்தவம். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கற்றுக்கொடுத்தேன். ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொண்டுவிட்டார், தலை சுற்றலாவது, மயக்கமாவது! வண்டி ரிப்பேராகவே இருந்திருந்தால் மச்சானுக்குப் போயிருக்கும். சரியானதால் சாமியாருக்குப் போயிற்று. எப்படிப் பார்த்தாலும் எனக்கு நடைதான்.

மார்ச் 31

துறைமங்கலத்துக்கு நடந்து போய் வந்தேன். வழியில் சாமியார் என்னைத் தாண்டிப் போனார். கை ஆட்டினார்.

ஏப்ரல் 2, புதன்

சந்தியாகு மெதுவாகச் சொன்னான். "சாமியாருக்கு மூணாவது வுழுதாம்ங்க."

நேற்று அவரே ஸ்பேனரை எடுத்துச் சங்கிலியை இறுக்கியிருக்கிறார். பெட்டியைப் பின்னால் தள்ளி. கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. கம்பி! நான் செய்த அதே காரியம்!

போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. போகவில்லை. கோயில் மதிலோரம் நின்று பார்த்தேன். சாமியார் தள்ளிக்கொண்டு வந்தார், வேர்த்து வடிந்து. என்னைக் கண்டதும், "காத்தாட நடக்கலாமேன்னு..." என்றார். "ஆமாங்க சாமி, நல்ல காத்து" என்றேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு கை சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 5, பெரிய சனி

பாஸ்குக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தே தீரவேண்டும். இந்த ஊரில் இருக்கிறது ஒரே ஒரு சாமியார். போய் முட்டிபோட்டேன். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் காது.

கோபத்தை எல்லாம் சொன்னேன். காய்கறியை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மச்சான் புழுதி தின்றதற்குச் சந்தோஷப்பட்டதைச் சொன்னேன், லேசாக இருமினார். பிறகு மிச்சத்தையும் விழுங்காமல் சொன்னேன்.

"சாமி, நோவு என்னன்னு தெரிஞ்சும் சொல்லாம, ஒருத்தர் படுற பாட்டைப் பாத்து சந்தோஷப்பட்டேன்."

"யாருக்கு நோவு?"

"ஒரு வண்டிக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சென்றது. காது இருந்த இடத்தில் ஒரு கண் தெரிந்தது. "சொல்லு, சொல்லு. என்ன நோவு?"

சொன்னேன். பெட்டியைத் தள்ளினால் கம்பி எட்டாது, நுனி மரையில் திருகி நீட்டினால் சரியாகிவிடும்.

"எந்தப் பக்கம் திருகணும்?"

"இடப்பக்கம் சாமி."

"அவ்வளவுதானா! மூணு நாளா நான்..." சிரித்தேவிட்டார். உடனே சிரிப்பு அறுந்தது. நீளமாக ஒரு மூச்சு.

"அட பாவி! இதை இங்க வந்தாடா சொல்லணும்?"

"பாவம்னா இங்கதான சாமி சொல்லணும்?"

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை வெளியில நான் எப்படி எடுத்துக்கறது? வாயைத் தொறக்கக் கூடாது, கையை வெக்கக் கூடாது. வெளியில போனா எனக்கு அந்தக் கம்பி இருக்குறதே தெரியாது. நேத்தே நேரா வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தா என்ன?"

ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை அபராதம் கொடுத்து அனுப்பினார். வெளியே போய்ச் சரிசெய்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தானாகத் தோன்றவேண்டும் என்று விட்டுவிட்டார்.

மரிய புஷ்பத்திடம் சொல்லவும் முடியாது. புரண்டு புரண்டு படுக்கிறேன். கம்பியைச் சரிசெய்தால் சாமியார் ஓட்டுவார், நான் ஆயுசுக்கும் நடப்பேன். சும்மா இருந்தால் இரண்டு வாரத்தில் அலுத்துப் போய், "இந்தா, நீயே வெச்சுக்க" என்று போட்டுவிடுவார். சும்மா இருந்தாலே போதும். ஒன்றுமே செய்யவேண்டாம்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று பாஸ்கு. பூசையும் கறிச்சோறும் நன்றாகவே ஆயின. வாயில் கெட்ட வார்த்தைக்கு இனி தடை இல்லை. ஒன்றும் வரவில்லை.

இன்று காலை ரஞ்சன்குடியில் ஒரு ஞானஸ்நானம். கோயில் வாசலுக்குப் போனேன். சாமியார் வண்டிக்கு எதிரில் படியில் உட்கார்ந்திருந்தார். கம்பி அவர் முகத்துக்கு நேரே. ஸ்பேனர் கைக்கு எட்டுகிற தூரத்தில். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். மூன்று திருகு திருகினால் வண்டி ஓடும். யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த மனுஷன் தொடவில்லை. ரஞ்சன்குடிக்கு நடந்தே போகத் துணிந்து, காலில் பழைய செருப்பை மாட்டி வைத்திருந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தேன். சாமியார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இடப்பக்கம் திருகினேன். பிடியைத் தள்ளினேன். களுக்.

அந்தச் சத்தம் கேட்டதும் அவர் தோள் ஒரு தரம் குலுங்கிற்று.

"ஆயிடுச்சா?" என்றார், திரும்பாமலே.

"ஆயிடுச்சு சாமி. நீங்க ஓட்டலாம்."

எழுந்தார். அங்கியைத் தட்டிக்கொண்டார். டாங்கியை ஆசையாகப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய் ஏறி உட்கார்ந்து, அங்கியைக் காலில் சுருட்டிக்கொண்டார்.

"நோவு தெரிஞ்சவன் ஓட்டணும். நாளைக்கும் நீதான், அதுக்கு மறு நாளும் நீதான். எனக்கு எங்க போகணுமோ பின்னாடி உக்காந்து வரேன்."

உதைத்துக் கிளப்பினேன். எளம்பலூர் மேட்டில் மூணாவது போட்டேன். பாதி மேடு ஏறியதும் காதருகே குனிந்து கேட்டார், "வுழுதா?"

"வுழலை சாமி. கம்பி சரியா நிக்குது."

"என்ன கம்பி?" என்றார்.